துணைக்கு வந்த ரத்தம்

பெட்டி வந்தபோது மணி ஒன்பது நாற்பது. கூரியர்காரர் அதைக் கவுண்டரில் வைத்துவிட்டு, "அம்புக்குறி மேல பாக்கற மாதிரியே கொண்டாந்தேன் சார், ஒரு தடவைகூடத் தலைகீழா ஆக்கல" என்றார். ஒவ்வொரு முறையும் இதைச் சொல்வார். ஒவ்வொரு முறையும் நான் சிரிப்பேன். அன்றைக்குக் கையெழுத்துப் போடும்போது என் பெயரின் கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போய் விழுந்தது.

உள்ளே பச்சை மூடி போட்ட இரண்டு குழாய்கள். ஒன்றில் மூன்று மில்லி, இன்னொன்றில் ஐந்து. மூன்று மில்லி என் அக்கா மகனுடையது. ஏழு மாதக் குழந்தையிடமிருந்து அதற்கு மேல் எடுக்க முடியாது.

வெளியூரிலிருந்து எங்கள் லேபுக்கு ரத்தம் தனியாக வரக் கூடாது. நோயில்லாத இன்னொருவரின் ரத்தமும் அதே பெட்டியில், அதே வெயிலில், அதே குலுக்கலில் வந்து சேர வேண்டும். படிவத்தில் அதற்கு டிராவல் கண்ட்ரோல் என்று பெயர். நாங்கள் துணை என்போம். நோயாளியின் செல்கள் வேலை செய்யாவிட்டால், அது நோயினாலா, பயணத்தினாலா என்று துணையிடம்தான் கேட்போம். துணையும் படுத்துவிட்டால் பழி சாலையின் மேல். சோதனை செல்லாது, மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். துணை நன்றாக இருந்தால் சாலை தப்பித்துக்கொள்ளும். துணைக்கு இருக்க வேண்டிய ஒரே தகுதி, அது ரத்த உறவாக இருக்கக் கூடாது.

குழாய்களை எடுத்துக்கொண்டு, லேபின் தலைவியான மேடத்தின் அறைக்குப் போனேன்.

"மேடம், இது என் அக்கா பையன்."

"தெரியும். படிவத்தையும் பாத்தேன், காலையிலேர்ந்து உன் மூஞ்சியையும் பாத்தேன்."

"நம்ம ரூல்படி நான் தொடக் கூடாது."

"கூடாதுதான். மெஷின் ஓட்டத் தெரிஞ்ச இன்னொருத்தி பிரசவத்துக்குப் போயிருக்கா. செல்லுக்கு லீவு குடுத்து ஒக்கார வைக்க முடியுமா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ ஓட்டு. படிக்கப்போறது நான். குழாய்ல நம்பர் மட்டும் ஒட்டு. வீட்டுக்கு ஒரு வார்த்தை போகக் கூடாது."

"போகாது மேடம்."

"ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை பாரு."

இதை அவர் எதற்கும் சொல்வார். கதவைப் பூட்டினாயா என்று கேட்டாலும் ரெண்டு தடவை பாரு. மூன்று மாதத்துக்கு முன்னால் நான் ஒரு தடவைதான் பார்த்தேன்.

அப்போது அக்கா குழந்தையின் ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் போனில் படமெடுத்து அனுப்பியிருந்தாள். வாயில் வெள்ளைப் படலம் போக மாட்டேன் என்கிறது, எடை ஏறவில்லை, இருமல் விட்டு விட்டு வருகிறது. நான் பஸ்ஸில் நின்றுகொண்டே பார்த்தேன். கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்களான லிம்போசைட்டின் எண்ணிக்கை இருக்க வேண்டிய அளவில் இருந்தது. கூப்பிட்டுச் சொன்னேன்.

"எல்லாம் நார்மல்க்கா. எண்ணிக்கை சரியா இருக்கு. சும்மா எதையாவது படிச்சிட்டுப் பயப்படாத."

அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என்னை லேப் துரை என்றுதான் கூப்பிடுவாள்.

"எண்ணிக்கை சரியா இருந்தா ஆச்சா, லேப் துரை? என் கிளாஸ்ல நாப்பது பேரும் டெய்லி பிரசன்ட்டுதான். கேள்வி கேட்டா எத்தனை பேரு கை தூக்கறாங்கன்னு வந்து பாரு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். "உன் கிளாஸை நீ பாரு, என் செல்லை நான் பாத்துக்கறேன்" என்றேன். அவளும் சிரித்தாள். நான் சொன்னதை நம்பினாள். குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலிருந்த காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே பதினோரு குழந்தைகள், பதினோரு மூக்கு ஒழுகல்.

ஆறு வருடமாக நான் செய்கிற வேலை, செல்கள் கை தூக்குகின்றனவா என்று பார்ப்பதுதான். என்னிடம் அந்தக் கேள்வியை அவள்தான் கேட்டாள், அதுவும் தமாஷுக்கு. நான் எண்ணிக்கையைச் சொன்னேன்.

பிறகு காய்ச்சல் வந்தது. நுரையீரலில் சளி கட்டி, குழந்தையை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே ஒரு டாக்டர் செல்களை வகைபிரித்து எண்ணச் சொன்னார். லிம்போசைட்டில் ஒரு வகையான டி செல்களில் இரண்டு சாதி உண்டு. நாங்கள் நாலு, எட்டு என்போம். நாலு நிறைய இருந்தது, எட்டு அநேகமாக இல்லை. மொத்தம் மட்டும் சரியாக வந்திருந்தது. அதற்கப்புறம் மரபணுச் சோதனை. எந்த மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கும், அப்பா தந்தது ஒன்று, அம்மா தந்தது ஒன்று. ஸாப் எழுபது என்கிற மரபணுவில் இரண்டு பிரதியிலும் பிசகு. அத்தான் பக்கத்திலிருந்து வந்தது ஏற்கெனவே தெரிந்த பிசகு, கெட்டது என்று எழுதியே இருந்தது. அக்கா பக்கத்திலிருந்து வந்ததில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதை இதுவரை யாரும், எங்கேயும் பார்த்ததில்லை. அதற்கு நேரே "பொருள் தெரியவில்லை" என்று போட்டிருந்தார்கள். அந்த எழுத்து எங்கள் அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வந்திருக்க வேண்டும். எனக்குள்ளும் இருக்கலாம். கண்ணாடியில் பல் தேய்க்கும்போது அதைப் பற்றி நினைப்பேன். ஒரு தடித்த புத்தகத்தின் நடுவில், யாரும் இன்னும் புரட்டாத பக்கத்தில் இருக்கிற அச்சுப்பிழை மாதிரி.

அந்த எழுத்து அப்பாவி என்றால் குழந்தையிடம் நல்ல பிரதி ஒன்று இருக்கிறது. காய்ச்சல் வெறும் காய்ச்சல். அப்பாவி இல்லையென்றால் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை, அதுவும் சீக்கிரம். மாற்று செய்கிற மருத்துவமனையில் ஓர் அறையை அன்று மாலை வரை பிடித்துவைத்திருந்தார்கள். நிரூபணமில்லாமல் சேர்க்க மாட்டார்கள். எழுத்து என்ன சொல்கிறது என்று செல்களைத்தான் கேட்க வேண்டும். கேட்கிற ஆள் நான்.

ஸ்டோர் குமாஸ்தாவைக் கூப்பிடப் போனேன். எந்தச் சோதனையானாலும் எங்கள் கட்டடத்திலிருந்தே ஒரு புது ரத்தமும் ஓட வேண்டும், மெஷின் ஒழுங்காக இருக்கிறதா என்று தெரிய. ஒன்பது வருடமாக அது அவருடைய ரத்தம்தான். எல்லாரும் அவரை நார்மல் அண்ணன் என்பார்கள்.

சட்டைக் கையை அவரே மடித்துவிட்டுக்கொண்டார். "எடு தம்பி. நம்ம செல்லு தங்கம். இதுவரைக்கும் ஒரு தடவை ஃபெயில் ஆயிருக்கா?"

"இல்லண்ணே."

"வீட்ல சொன்னா நம்ப மாட்டேங்கறா. 'உங்கள நார்மல்னு சொல்றது அந்த ஒரு கட்டடத்துலதான்'ங்கறா."

நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தார். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "யாரு, சின்னப் புள்ளையா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "இன்னும் வேணும்னா எடுத்துக்கோ" என்று மறு கையையும் நீட்டினார். அதனால் ஒரு பயனும் இல்லை. அவருக்கும் அது தெரியும்.

ரத்தத்தை ஒரு திரவத்தின் மேல் மெதுவாகப் படியவிட்டுச் சுழற்றினால், சிவப்பு அடியில் போய்விடும். நடுவில் வெள்ளையாக ஒரு வளையம் மிதக்கும், கண்ணாடியில் மூச்சுவிட்ட மாதிரி. நமக்கு வேண்டியது அந்த வளையம்தான். மூன்று குழாயிலும் வளையம் வந்தது. உருண்டையின் வளையம்தான் அடர்த்தியாக இருந்தது.

உருண்டை என்பது அக்கா வைத்த பெயர். பிறந்தபோது கன்னமும் தொடையுமாக அப்படி இருந்தான். இப்போது மணிக்கட்டில் மடிப்பில்லை. பெயரை யாரும் மாற்றவில்லை.

செல்களைச் சாயத்தில் ஊறவைத்து, உடம்புச் சூட்டில் வைத்திருக்கிற தண்ணீர்த் தொட்டியில் அரை மணி நேரம் வைத்தேன். செல்லுக்குள் கால்சியம் ஏறினால் இந்தச் சாயம் ஒளிரும். செல் விழித்துக்கொண்டது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். அந்த அரை மணியில் ஒன்றும் செய்வதற்கில்லை. சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். போன வாரம் மருத்துவமனை வராந்தாவில் அவருக்கு இதை விளக்கப் பார்த்தேன். அவர் எனக்கு விளக்கினார்.

"பட்டன் அமுக்கினா கரண்ட் நேரா மோட்டாருக்குப் போகாது மாப்ள. பேனல்ல ரிலே இருக்கும். பட்டன் ஒரு ரிலேவைத் தட்டும், அது அடுத்ததைத் தட்டும், கடைசில மோட்டார். நடுவுல ஒரு சின்ன ரிலே போச்சுன்னு வெச்சுக்க, பத்து மாடியும் படியில ஏற வேண்டியதுதான்."

"அதேதான் அத்தான். அந்த ரிலேதான் ஸாப் எழுபது. டைரோசின் கைனேஸ்னு ஒரு வகை."

"கம்பெனி பேரா?"

"புரதம். கிருமி வந்து செல்லுக்கு வெளிய இருக்கற பட்டனைத் தொடும். உடனே உள்ள ஒரு கைனேஸ், பட்டனோட வால்ல பாஸ்பேட்னு ஒண்ணை ஒட்டும். ஒட்டின இடத்துல ஸாப் வந்து உக்காரும். உக்காந்து, அடுத்த புரதத்துமேல ஒண்ணை ஒட்டும். இப்படி ஒட்டறதுதான் சேதி. ஸாப் பிசகிப்போச்சுன்னா செல்லு இருக்கும், பட்டன் இருக்கும், கிருமியும் வந்து அமுக்கும். சேதி மட்டும் போகாது."

அத்தான் முகத்தில் தெளிவு வந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. "ரிலேதானே. மாத்திடலாம்."

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் அத்தான். கோடிக்கணக்குல."

கொஞ்ச நேரம் வராந்தாவின் கோடியிலிருந்த லிஃப்டைப் பார்த்தார். யாரோ ஏறினார்கள், கதவு மூடியது.

"அப்போ பேனலையே மாத்தணும்" என்றார்.

"ஆமா. அதுக்குப் பேருதான் மஜ்ஜை மாற்று."

"மோட்டாருக்கு நேராக் கரண்ட் குடுத்துப் பாப்பீங்களா, ஓடுதான்னு?"

"பாப்போம் அத்தான். கடைசில."

மணி அடித்தது. தொட்டியிலிருந்து குழாய்களை எடுத்தேன்.

மெஷின் சத்தமில்லாதது. ஊசி குழாய்க்குள் இறங்கி உறிஞ்சும். செல்கள் ஒற்றை வரிசையில் லேசர் முன்னால் போகும். திரையில் இடமிருந்து வலமாகப் பொட்டுப்பொட்டாகக் கோடு ஊரும். முதல் ஒரு நிமிடம் யாரும் யாரையும் தொடுவதில்லை. பிறகு பட்டனை அமுக்குகிற மருந்தைச் சேர்ப்பேன்.

முதலில் நார்மல் அண்ணன். மருந்து விழுந்து இருபது நொடியில் கோடு எழுந்தது, தூங்கினவர் எழுந்து உட்கார்வதுபோல. மெஷின் சரி.

அடுத்து துணையை ஓட்ட வேண்டும் என்பது முறை. நான் உருண்டையை வைத்தேன். எதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு நிமிடம். மருந்து. இருபது நொடி. கோடு அப்படியே போனது. நாற்பது நொடி. அறுபது. நான் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன், தள்ளிப்போய்ப் பார்த்தேன். ஒரு செல்லும் ஏறவில்லை. நாற்பது பேரும் பிரசன்ட். குழாயை மெதுவாகச் சுண்டிவிட்டேன், அதனால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தே. இரண்டு நிமிடம். மூன்று. சாலை அடிவானம் வரைக்கும் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

கடைசியில் அயனோமைசினைச் சேர்த்தேன். பட்டனும் ரிலேயும் இல்லாமல் செல்லுக்குள் கால்சியத்தை நேரடியாகத் திறந்துவிடும் மருந்து. அத்தானின் நேர்க் கரண்ட். கோடு குதித்து ஏறியது. ஒவ்வொரு செல்லும் ஒளிர்ந்தது, நார்மல் அண்ணனுடையதைவிடப் பிரகாசமாக. உயிரோடுதான் இருந்தன. எல்லாம் இருந்தது. நடுவில் ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்ல மட்டும் ஆளில்லை. அந்த மருந்தைக் குழந்தைக்குக் கொடுக்க முடியாது. குழாய்க்குள் மட்டும்தான் அது மருந்து, உடம்புக்குள் விஷம்.

இன்னும் துணை பாக்கி. பெட்டி இரவெல்லாம் வண்டியில் வந்திருக்கிறது. சூட்டில் செல்கள் சாகாமல் மரத்துப்போகலாம், பட்டனை அமுக்கினாலும் உணராமல் இருக்கலாம். அப்படி நடந்திருக்கிறது. போன வருடம் இரண்டு தடவை. துணையும் எழவில்லை என்றால் பழி சாலைக்கு.

அது யாருடைய ரத்தம் என்று எனக்குத் தெரியும். அக்கா வீட்டுக்குக் கீழ்வீட்டில் இருக்கிற தையல்காரர். ஊசியென்றால் பயம் என்று சொல்லிக்கொண்டே, குழந்தைக்காக வருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தார். தையல்காரருக்கு ஊசியென்றால் பயமா என்று அக்கா போனில் சிரித்தாள். அந்த நல்ல மனுஷனுடைய ரத்தம் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நான் மெஷின் முன்னால் கைகட்டி நின்று வேண்டிக்கொண்டேன்.

மருந்து விழுந்தது. பத்து நொடி. பதினைந்து.

எழுந்தது. அழகாக, வழவழவென்று, பாடப்புத்தகத்தில் வரைந்ததுபோல் எழுந்தது. ஒரு ராத்திரி வண்டியில் வந்த அலுப்புகூட அதில் இல்லை. வாழ்க்கையில் நான் யார்மேலும் அப்படிக் கோபப்பட்டதில்லை.

மூன்று படங்களையும் அச்செடுத்து, நம்பர் மட்டும் போட்டு மேடத்தின் மேஜையில் வைத்தேன். நாற்காலியைக் காட்டினார். உட்காரவில்லை. படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு வரிசையை மாற்றி இன்னொரு தடவை.

"துணை நல்லா இருக்கு" என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். "எண்களை ஒருவாட்டி சரிபாத்துட்டு அரை மணியில அவங்க டாக்டரைக் கூப்பிடறேன். நீ போய் ஏதாவது குடி."

நான் படிக்கட்டுத் திருப்பத்தில் போய் நின்றேன். போன் அடித்தது. அக்கா.

எடுக்கக் கூடாது. எடுத்தேன்.

"நீ ஒண்ணும் சொல்லாத. ரூல்னு தெரியும்" என்றாள் உடனே. பின்னால் ஆக்சிஜன் குமிழ் விடுகிற சத்தம். "நான் சொல்லத்தான் கூப்பிட்டேன். திட்டக் கூடாது."

"என்னக்கா?"

"அந்த இன்னொரு குழாய். அது தையக்காரர் ரத்தம் இல்லடா."

"என்ன சொல்ற?"

"அவரு வந்தாரு. ஊசியப் பாத்ததும் மயங்கி விழுந்துட்டாரு, நர்ஸுங்க ரெண்டு பேரும் அவருக்குத் தண்ணி தெளிக்க ஓடிட்டாங்க. கூரியர் ஆள் வேற வாசல்ல நிக்கறான். உங்க அத்தான் சட்டையைச் சுருட்டிட்டுப் போய் உக்காந்துட்டாரு. திரும்பி வந்த நர்ஸ் அவசரத்துல யாருன்னு கேக்காமலே எடுத்துட்டா."

"படிவத்துல உறவில்லைன்னு டிக் போட்டிருக்கே!"

"அதையும் அவருதான் போட்டாரு. எங்கிட்டகூடச் சொல்லல. இன்னிக்குக் காலையில அந்த நர்ஸ், சொந்தக்காரங்க ரத்தம்னா டெஸ்ட்டே செல்லாதுன்னு ஏதோ பேச்சுல சொல்லப்போய் மனுஷன் முகமே செத்துப்போச்சு. கேட்டா என்ன சொல்றாரு தெரியுமா? 'டெஸ்ட் ஓட்டத்துல லிஃப்டை நாங்க தனியா விடறதில்ல, ஒரு ஆள் கூட ஏறியே ஆகணும். அவ்வளவு தூரம் அவன் ரத்தம் மட்டும் போகுதேன்னு இருந்துச்சு'ங்கறாரு." மூக்கை உறிஞ்சினாள். "டெஸ்ட் கெட்டுப்போச்சாடா? மறுபடி எடுக்கணுமா?"

என் மனசு அவளைவிட வேகமாக ஓடியது. உறவு. துணை உறவு. சோதனை செல்லாது. எந்தத் தப்பும் செய்யாமல், விதிப்படியே, இன்றைய கோடுகளைக் கிழித்துப்போடலாம். மறுபடி ரத்தம், மறுபடி பெட்டி, ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் எழுத்து அப்பாவியாகவே இருக்கும்.

"அப்புறம் கூப்பிடறேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் படியேறி ஓடினேன். சந்தோஷத்துக்கு மிகக் கிட்டத்தில் இருந்தேன். எனக்கே அது அசிங்கமாக இருந்தது.

மேடம் முழுவதும் கேட்டார். பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"படிவத்துல பொய்."

"ஆமா மேடம்."

"விதிப்படி ரிஜெக்ட் பண்ணலாம்."

"ஆமா மேடம்."

"பண்ணிட்டா மறு ரத்தம் வர ஒரு வாரம். அந்த அறை இன்னிக்குச் சாயங்காலத்தோட வேற யாருக்கோ போயிடும்." மூன்று படங்களையும் என் பக்கம் திருப்பி வைத்தார். "பேரு, உறவு எல்லாத்தையும் மறந்துடு. மத்தவங்க குழந்தைன்னு நினைச்சுக்கிட்டுப் படி. துணை அப்பான்னு தெரிஞ்சப்புறம் இந்தப் படம் என்ன சொல்லுது?"

நான் பார்த்தேன். பார்க்காமலே தெரிந்திருந்தது, படியேறும்போதே தெரிந்திருந்தது.

அத்தானிடம் ஒரு பிரதி கெட்டது, ஒரு பிரதி நல்லது. பாதி ரிலேயோடு ஒரு ராத்திரி முழுக்கக் குலுங்கி வந்தும் அவருடைய செல்கள் எழுந்து நின்றன. அதனால் சாலைமேல் பழியில்லை. நல்ல பிரதி ஒன்றே ஒன்று இருந்தால் போதும். உருண்டையிடம் அத்தானின் அதே கெட்ட பிரதி இருக்கிறது. மீதி இருப்பது அக்கா கொடுத்தது. அது நல்லதாக இருந்தால் அவனும் எழுந்திருப்பான். தையல்காரருடைய ரத்தம் வந்திருந்தால்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது. குழந்தையைத் தனியாக அனுப்பக் கூடாது என்று கூடவே வந்தவர், வந்து எங்கள் எழுத்துக்கு அர்த்தம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"சொல்லு" என்றார் மேடம்.

"ஒரு பிரதி போதும்" என்றேன். "அம்மாவோட எழுத்து… அதுவும் கெட்டதுதான் மேடம்."

"ரிஜெக்ட் பண்ணவா?"

அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்க வேண்டாம். கருணையினால்தான் கேட்டார் என்று இப்போது நினைக்கிறேன். ஒரு சின்ன விஷயமாவது என் கையில் இருக்கட்டும் என்று. அந்த அறையில் இடம் கிடைத்தாலும் நுரையீரல் தெளியாமல் மாற்று செய்ய மாட்டார்கள். தெளிவதற்கு அவனுடைய செல்கள் உதவாது. மருந்து கொடுத்துக் காத்திருக்க வேண்டும். பொருத்தமான மஜ்ஜை கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அத்தானுடைய பாதிப் பொருத்தம். அதை உடம்பு ஏற்க வேண்டும். இதில் எதையும் நான் செய்ய முடியாது. எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான், அது பத்து நிமிடத்தில் முடிந்துபோயிருந்தது.

"வேண்டாம் மேடம். கூப்பிடுங்க."

"துணை யாருங்கறதையும் எழுதித்தான் அனுப்புவேன்."

"எழுதுங்க."

அவர் ரிசீவரை எடுத்தார். நான் வெளியே வந்தேன். வராந்தாவில் நார்மல் அண்ணன் கையில் பஞ்சு ஒட்டியபடியே நின்றிருந்தார். "நம்மளது எழுந்துச்சா?" என்று கேட்டார். எழுந்தது என்றேன். வழக்கம்போல் அதற்குச் சந்தோஷப்பட ஆரம்பித்து, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

படிக்கட்டுத் திருப்பத்தில் மறுபடி போன். அக்காதான். இந்தத் தடவை குரலில் வேறு ஏதோ இருந்தது, கொஞ்சம் துள்ளல்.

"டேய், காய்ச்சல் இறங்கியிருக்குடா. நூறுதான் இருக்கு. கண்ணு முழிச்சுப் பாக்கறான். மாஸ்க்கைப் பிடிச்சு இழுக்கறான், ரௌடி. ஸ்பீக்கர்ல போடறேன், கூப்பிடு."

"அக்கா, நான்…"

"கூப்பிடுடா லேப் துரை. ரெண்டு நாளா எந்தச் சத்தத்துக்கும் திரும்பல. உன் குரலுக்குத் திரும்பறானான்னு பாக்கணும்."

குமிழ்ச் சத்தம் பெரிதாயிற்று. போனை அவன் காதுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். மூச்சு கேட்டது, சின்னதாக, வேகமாக.

"உருண்டை" என்றேன். "டேய் உருண்டை. மாமாடா."

ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி. நான் என்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"திரும்பிட்டான்!" அக்கா கத்தினாள். "பாருங்க, பாருங்க, மாமான்னதும் எப்படித் திரும்பறான்!" தூரத்தில் அத்தானின் சிரிப்பு. "இன்னொரு வாட்டி கூப்பிடு. சிரிக்கறான்டா. மாஸ்க்கைத் தாண்டித் தெரியுது. கூப்பிடு."

"உருண்டை" என்றேன். "உருண்டை, உருண்டை."

"ஐயோ, காலை உதைக்கறான்… இரு இரு." அவள் குரல் விலகியது. "வேற கால் வருது. டாக்டர் நம்பர் மாதிரி இருக்கு. காய்ச்சல் இறங்கினதைச் சொல்லிடறேன், சந்தோஷப்படுவாரு. எடுக்கட்டுமா?"

சுவரில் கை வைத்துக்கொண்டேன். மாடியில் மேடம் பேசி முடித்து ரிசீவரை வைக்கிற சத்தம் கேட்டதா, நானாக நினைத்துக்கொண்டேனா என்று தெரியவில்லை.

"எடுக்கா" என்றேன்.